பட்டியலும் பெருந்தலைவரும்

எங்கள் ஆண்டர்சன்பேட்டையில் சுரங்க வேலை பார்த்த முதியவர்கள் ஒரு சொல்லைத் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள். அது ஏர் பிளாஸ்ட் என்பது. தரைக்குக் கீழே பல்லாயிரம் அடி ஆழத்தில் பொன் எடுத்த இடம் வெறுமையாகிறது. மேலே நிற்கும் பாறை தன் பாரத்தைப் பக்கத்துப் பாறைமீது சாய்க்கிறது. ஆண்டுக்கணக்கில் ஒன்றும் நடவாதது போலத் தோன்றும். பிறகு ஒரு நாள், ஒரு கணத்தில், பாறை வெடித்துச் சிதறும். மேலே குடியிருப்புகளில் அடுக்கி வைத்த பாத்திரங்கள் உருண்டோடும். சுரங்கம் 2001இல் மூடப்பட்ட பிறகு பிறந்தவன் நான். பௌதிகம் படிக்கும் எனக்கு அது பாறையின் தகைவைப் பற்றிய ஒரு பாடம். என் பாட்டனாருக்கோ அது உடன் வேலை பார்த்தவர்களின் உயிர்.

அரசியல் கட்சிக்குள்ளும் அத்தகைய பாரம் ஒன்று உண்டு என்பது என் எண்ணம். கொள்கைத் தீர்மானம் நிறைவேறும் நாளில் அது பெரும்பாலும் வெளிப்படுவதில்லை. தீர்மானத்துக்கு எல்லாரும் கை தூக்கிவிடுவார்கள். தேர்தலுக்கு அபேட்சகர் யார் யார் என்று பட்டியல் எழுத உட்காரும் நாளில்தான் பாறை முனகத் தொடங்கும். மிதவாதி யார், பழமைவாதி யார், யாருக்குப் பின்னால் எத்தனை பேர் என்பதெல்லாம் அன்றுதான் தெரியும்.

பெருந்தலைவர் காமராசரைப் பற்றி நம் மாணவர்கள் எழுதும்போது பள்ளிக்கூடங்களையும், 1956இல் தொடங்கிய மதிய உணவையும், அணைகளையும் எழுதுகிறார்கள். எழுத வேண்டியவைதாம். ஆனால் அவர் வாழ்நாளில் பாதிக்கு மேல் இந்தப் பட்டியல் சண்டைக்குள்ளேயே கழிந்தது. அந்தப் பக்கத்தையே இங்கே எழுத விரும்புகிறேன்.

1903ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் விருதுபட்டியில் குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் பிறந்தார். குலதெய்வத்தின் பெயரால் காமாட்சி என்று வைத்த பெயர், வீட்டில் செல்லமாக ராஜா என்று அழைத்தமையால், காமராஜ் ஆயிற்று. ஆறு வயதில் தந்தையை இழந்தார். பள்ளிப் படிப்பு இடையிலேயே நின்றது. மாமனின் துணிக்கடையில் அமர்ந்தார். கடையில் துணி கிழித்ததைவிடப் பொதுக்கூட்டத்துக்கு ஓடியதே அதிகம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1930இல் இராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடத்திச் சென்ற உப்புச் சத்தியாக்கிரகத்தில் சேர்ந்து முதன்முறை சிறை சென்றார். பின்னாளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் எவரை எதிர்த்து நின்றாரோ அவரைப் பின்தொடர்ந்துதான் முதல் சிறையைப் பார்த்தார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அக்காலத்துத் தமிழ்நாட்டுக் காங்கிரசில் இரண்டு அணிகள் இருந்தன. ஒன்றுக்கு இராஜாஜி தலைவர். மற்றொன்றுக்குத் தீரர் சத்தியமூர்த்தி. இவர்களில் மிதவாதி யார், பழமைவாதி யார் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஆலயப் பிரவேசத்தில் முன்னே நின்றவர் இராஜாஜி. சமய ஆசாரத்தில் பிடிப்புடையவர் சத்தியமூர்த்தி. ஆனால் சட்டசபைக்குள் புகுந்து அதிகாரத்தைக் கைப்பற்ற வேண்டும் என்று முதலிலிருந்தே சொன்னவர் சத்தியமூர்த்தி. நெடுநாள் அதை மறுத்து நின்றவர் இராஜாஜி. காலம் செல்லச் செல்லப் பொருளாதாரத்திலும் கல்வியிலும் இராஜாஜியின் பக்கம் பழமைக்கும், காமராசரின் பக்கம் நடுவழிக்கும் சாய்ந்தன. ஆகவே இந்தப் பெயர்களை நாம் நெற்றியில் ஒட்டிய சீட்டாகக் கொள்ளாமல், காற்று வீசும் திசை காட்டும் கொடியாகக் கொள்வதே நலம்.

1936இல் சத்தியமூர்த்தி தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவரானார், காமராசர் செயலாளரானார். ஆங்கிலத்தில் மேடை அதிர முழங்கும் தலைவருக்கு, ஊர் ஊராகச் சென்று ஒவ்வொரு தாலுகாவிலும் யார் உழைக்கிறார், யார் கதரை உடுத்திக்கொண்டு காத்திருக்கிறார் என்று மனத்தில் குறித்துக்கொள்ளும் செயலாளர் வாய்த்தார். 1937 தேர்தலில் சென்னை மாகாணச் சட்டசபையின் 215 இடங்களில் 159ஐக் காங்கிரஸ் பிடித்தது. காமராசரும் சாத்தூரிலிருந்து உறுப்பினரானார். ஆனால் அந்த வெற்றியிலேயே ஒரு கசப்பும் இருந்தது. பல்கலைக்கழகத் தொகுதியில் நிற்க எண்ணியிருந்த சத்தியமூர்த்தி, இராஜாஜிக்காக ஒதுங்கிக்கொண்டார். அங்கே வென்ற இராஜாஜி 1937 ஜூலை 14இல் பிரதம மந்திரியானார். மந்திரி சபைப் பட்டியலில் சத்தியமூர்த்தியின் பெயர் இல்லை. விட்டுக்கொடுத்தவர் வெளியே நின்றார். அதைச் செயலாளர் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சாளருக்குக் கைதட்டல் கிடைக்கிறது, பட்டியலைக் கையில் வைத்திருப்பவருக்கே இடம் கிடைக்கிறது என்ற பாடத்தை அவர் அந்த ஆண்டு கற்றிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

மூன்றாண்டு கழித்து 1940இல் மாகாணக் காங்கிரஸ் தலைவர் தேர்தல் வந்தது. இராஜாஜி அணியின் அபேட்சகர் கோவை சி. பி. சுப்பையா. எதிரே காமராசர். வாக்கு 103க்கு 100. மூன்று வாக்கில் காமராசர் வென்றார். சத்தியமூர்த்தி தம் சிஷ்யனின் கீழே செயலாளராக இருக்க இசைந்தார். நம் கல்லூரிச் சங்கத் தேர்தலில்கூட நாம் இதைச் செய்வதில்லை என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

அந்த ஆண்டு இறுதியில் தனிநபர் சத்தியாக்கிரகம். யார் யார் சிறை செல்வது என்ற பட்டியலை எடுத்துக்கொண்டு காந்தியடிகளின் ஒப்புதல் பெற வார்தாவுக்குச் சென்றுகொண்டிருந்த காமராசரைக் குண்டூரில் போலீசார் கைது செய்தனர். வேலூர்ச் சிறையில் இருக்கும்போதே விருதுநகர் நகரசபைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வெளியே வந்ததும் அப்பதவியை விட்டுவிட்டார். 1942 ஆகஸ்டில் பம்பாய்க் காங்கிரசிலிருந்து திரும்பும்போது, போலீசார் சென்னையில் காத்திருப்பார்கள் என்று அறிந்து அரக்கோணத்திலேயே ரயிலை விட்டு இறங்கினார்; மாவட்டம் மாவட்டமாகச் சென்று ஊழியர்களைக் கண்டு வேலைகளைச் சொல்லிவிட்டு, விருதுநகர் வந்து தாமே பிடிபட்டார். 1945 வரை சிறை. சத்தியமூர்த்தி 1943 மார்ச்சில் மறைந்துவிட்டார். குருவின் முகத்தைக் கடைசியாகக் காணும் வாய்ப்பும் சீடனுக்கு இல்லை.

இராஜாஜியின் வழி வேறாயிருந்தது. பாகிஸ்தான் கோரிக்கையில் சமரசம் வேண்டும் என்று கூறி 1942இல் காங்கிரசை விட்டே விலகியவர், ஆகஸ்ட் போராட்டத்திலும் சேரவில்லை. 1945இல் அவர் திரும்பி வந்தார். அப்போதுதான் பாறை உரக்க முனகியது.

சற்று நின்று இதைப் பார்க்க வேண்டும். இருபுறமும் நியாயம் இருந்தது. தேர்தல் வருகிறது; அதன்பின் அதிகாரம் வருகிறது; நாட்டை நடத்தும் அறிவும் அனுபவமும் உடையவர் இராஜாஜி என்று காந்தியடிகளும் மேலிடத்தாரும் கருதினார்கள். அது பொய்யன்று. மூன்றாண்டு சிறையில் கிடந்து உடல் தேய்ந்த ஊழியனோ, துன்ப காலத்தில் வெளியே நின்றவர் விருந்து காலத்தில் பந்தியின் தலையிலே உட்காரலாமா என்று கேட்டான். அதுவும் பொய்யன்று. திருப்பரங்குன்றத்தில் கூடிய காங்கிரஸ் ஊழியர்கள் இராஜாஜியின் தலைமையை ஏற்க மறுத்தனர். மேலிடம் ஆசப் அலியைத் தூதனுப்பியது. அபேட்சகர்களைத் தேர்ந்தெடுக்கும் பார்லிமெண்டரி போர்டில் இரு அணியினரும் இடம்பெறுமாறு ஒரு சமரசம் செய்யப்பட்டது. ஒரே மேசையில் இரண்டு பேனா. எழுத்து எப்படி ஓடும்?

1946இன் தொடக்கத்தில் காந்தியடிகள் சென்னைக்கு வந்தார். மதுரைக்கும் பழனிக்கும் சென்றார். காமராசரும் உடன் சென்றார். அடிகள் திரும்பிச் சென்றபின் தம் ஹரிஜன் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். இராஜாஜியே தகுதியுடையவர் என்றும், அவருக்கு எதிராக ஒரு சிறு கும்பல் வேலை செய்கிறது என்றும் பொருள்பட அதிலே எழுதியிருந்தார். கும்பல் என்ற பொருள் தந்த அந்த ஒற்றை ஆங்கிலச் சொல் தமிழ்நாட்டுக் காங்கிரஸ்காரர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. மாகாணக் கமிட்டியில் முறைப்படி பெரும்பான்மை பெற்றவர்களைக் கும்பல் என்று சொல்லலாமா? சொன்னவரோ காந்தி. அவரை எதிர்த்து என்ன செய்வது?

காமராசர் மேடையேறித் திட்டவில்லை, கட்சியை உடைக்கவுமில்லை. பார்லிமெண்டரி போர்டிலிருந்து விலகினார். பட்டியல் எழுதும் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து வந்தார் என்று சொல்லலாம். ஆனால் காங்கிரஸ் கமிட்டியின் தலைமையை விடவில்லை. பேனா யாரிடம் இருந்தாலும் எழுத வேண்டிய பெயர்கள் கமிட்டிகளிடம்தான் இருந்தன. தேர்தல் முடிந்தபின் சட்டசபைக் கட்சி கூடியபோது, மேலிடம் விரும்பிய இராஜாஜியை ஏற்கப் பெரும்பாலோர் மறுத்துவிட்டனர். காந்தியடிகள் உயிரோடிருந்த காலத்திலேயே, அவர் விருப்பம் வெளிப்படையாகத் தெரிந்திருந்தும், ஒரு மாகாணம் வேறு முடிவு செய்தது. இதை நான் அடங்காமை என்று நினைக்கவில்லை. மேலிடத்துச் சொல்லைவிடத் தாலுகாக் கமிட்டியின் வாக்குக்கு மதிப்புண்டு என்று அன்று நிலைநாட்டப்பட்டது. ஆனால் காமராசருக்கும் அன்று முழு வெற்றி இல்லை. அவர் அணி நிறுத்திய முத்துரங்க முதலியார் தோற்று, ஆந்திர கேசரி பிரகாசம் பிரதமரானார். அடுத்த ஆண்டே பிரகாசம் இறங்கி ஓமந்தூரார் வந்தார். 1949இல் குமாரசாமி ராஜா வந்தார். ஆள்பவர் மாறினர், ஆள்பவரை அமர்த்தும் கை மாறவில்லை.

1952 பொதுத்தேர்தலில் சென்னை ராஜ்ஜியத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. பெரும்பான்மை இல்லை. அப்போது காமராசர் தாம் இத்தனை காலம் எதிர்த்த இராஜாஜியே முதன்மந்திரியாக வர இசைந்தார். எந்தத் தொகுதியிலும் நில்லாத இராஜாஜியைக் கவர்னர் மேல்சபைக்கு நியமித்தார். கட்சிகளைக் கலைத்துச் சேர்த்துப் பெரும்பான்மை உண்டாக்கும் மதிநுட்பம் அவருக்கே உண்டு என்பதும், அப்படியே அவர் செய்ததும் வரலாறு. மறு ஆண்டு ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் பாதி நாள் பள்ளியிலும், மீதி நேரம் தத்தம் குடும்பத் தொழிலிலும் பழக வேண்டும் என்ற திட்டம் வந்தது. நாடு அதற்குக் குலக்கல்வி என்று பேரிட்டது. குடும்பத் தொழில் என்றால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு என்னவாயிருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். எங்கள் ஊர் மைசூர் ராஜ்ஜியத்தில் இருந்ததால் அந்தத் திட்டம் எங்களைத் தொடவில்லை. ஆனால் எங்கள் ஊரார் யாவரும் வட ஆர்க்காட்டிலும் சேலத்திலும் சொந்தம் உடையவர்கள்; சேதி ரயிலேறி வந்துகொண்டேயிருந்தது.

1954 மார்ச்சில் இராஜாஜி விலகினார். தலைவர் பதவிக்கு அவர் தரப்பில் சி. சுப்பிரமணியம் நிறுத்தப்பட்டார், அவர் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். எதிரே காமராசர். வாக்கு 93க்கு 41. ஏப்ரல் 13இல் காமராசர் முதலமைச்சரானார். தமிழ்நாட்டார் எல்லாரும் அறிந்த கதை அடுத்து வருவது. தம்மை எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் எட்டே பேர் கொண்ட தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். பெருந்தன்மை என்று மேடைகளில் சொல்வார்கள். பெருந்தன்மைதான், அதோடு கணக்கும் உண்டு. 41 பேரை வெளியே விட்டால் அவர்கள் தனிக் கட்சி. இரண்டு பேரை உள்ளே கொண்டுவந்தால் 41 பேரும் உள்ளே. குலக்கல்வித் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவிக்கும் பொறுப்புங்கூடக் கல்வி இலாகாவைப் பெற்ற சுப்பிரமணியத்திடமே வந்து சேர்ந்தது.

முதலமைச்சர் சட்டசபை உறுப்பினராக வேண்டும். தம் சொந்தச் சீமையை விட்டு வட ஆர்க்காட்டில் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றார். பெரியார் ஆதரித்தார், அண்ணாவின் தி.மு.க. ஆதரித்தது, கம்யூனிஸ்டுக் கட்சியின் கோதண்டராமன் எதிர்த்து நின்றார். குடியாத்தம் என் பாட்டனாரின் தாலுகா. மாரிக்குப்பத்தில் ஏறிப் பங்காருப்பேட்டையில் வண்டி மாறினால் அரைநாளில் வீடு. பாட்டனார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பம்பு டிரைவர், செங்கொடிச் சங்கத்துக்காரர். ஊரிலிருந்த அவருடைய அண்ணனோ காமராசர் கட்சி. திருவிழாவுக்குப் போன இடத்தில் திண்ணையில் தொடங்கிய பேச்சு, அண்ணன் தம்பி ஓராண்டு முகம் பாராமல் இருந்ததில் முடிந்ததாம். இத்தனைக்கும் பாட்டனாருக்குக் குடியாத்தத்தில் வாக்கே கிடையாது. பிழைக்கப் போனவனின் அரசியல் பெரும்பாலும் இப்படித்தான். வாக்கு ஓரிடத்தில், வாய் ஓரிடத்தில். காமராசர் வென்றார். பின்னாளில் பாட்டனாரும் அண்ணனும் சமாதானமானதற்குக் காரணம் அரசியலன்று, ஒரு கல்யாணம்.

1957 தேர்தலில் பட்டியல் காமராசர் கையில் முழுமையாக இருந்தது. அதில் இடம் கிடைக்காத இராஜாஜி ஆதரவாளர் பலர் வெளியேறிக் காங்கிரஸ் சீர்திருத்தக் கமிட்டி என்ற பெயரில் போட்டியிட்டனர். காங்கிரஸ் 205இல் 151 வென்றது. ஆயினும் சீர்திருத்தக் கமிட்டியின் வி. கே. இராமசாமி முதலியார் சட்டசபையில் எதிர்க்கட்சித் தலைவரானார். இவர்களிற் பெரும்பாலோர் 1959இல் இராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சியில் போய்ச் சேர்ந்தனர். இந்தப் பழமைவாதிகளின் குறையை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. 1946இல் காமராசர் எதைக் கேட்டாரோ, ஒரு பக்கத்தார் மட்டும் பட்டியல் எழுதலாமா என்று, அதையேதான் இவர்கள் 1957இல் கேட்டார்கள். கேட்ட முகம் வேறு, கேட்கப்பட்ட முகம் வேறு, கேள்வி ஒன்று. பதவி ஆசை இருந்திருக்கலாம். பதவி ஆசையில்லாத பட்டியல் எங்கே உண்டு?

1962இல் இன்னொன்று நடந்தது. முந்தைய தேர்தலில் வென்ற தி.மு.க.வின் 15 பேரையும் மீண்டும் வரவிடக்கூடாது என்று காமராசர் ஒவ்வொரு தொகுதிக்கும் தனித்தனியே ஆளைத் தேடினார். காஞ்சிபுரத்தில் அண்ணாவை எதிர்த்துப் பஸ் முதலாளியான நடேச முதலியார் நிறுத்தப்பட்டார். அண்ணா தோற்றார். அந்தப் பதினைவரில் தொகுதி மாறித் தஞ்சையில் நின்ற கருணாநிதி ஒருவரே மீண்டார். தேர்தல் நுட்பம் என்று பார்த்தால் இது அற்புதம். ஆனால் ஊர் ஊராக அலைந்து உழைக்கும் ஊழியனைத் தேடிப் பிடித்த அதே கண், இப்போது வாக்கைச் சேர்த்துத் தரும் செல்வாக்குள்ளவரைத் தேடிப் பிடித்தது. 50 இடங்களோடு தி.மு.க. பெரிய எதிர்க்கட்சியாகவே வந்தது. தோற்றவர்கள் தெருவுக்குப் போய்க் கட்சி வளர்த்தார்கள். வென்ற முதலாளிகள் கட்சி வளர்க்கப் போனதாகத் தெரியவில்லை. பெருந்தலைவரிடம் எனக்குள்ள பெரிய மனத்தாங்கல் இதுதான்.

1963 அக்டோபர் 2இல் கட்சிப் பணிக்காக முதலமைச்சர் பதவியை விட்டார். அடுத்த ஆண்டு அகில இந்தியக் காங்கிரசின் தலைவர். நேரு மறைந்தபின் லால்பகதூர் சாஸ்திரி, சாஸ்திரி மறைந்தபின் இந்திரா காந்தி என இரு பிரதமர்களைத் தேர்ந்தெடுத்ததில் அவர் பங்கு உலகறிந்தது. 1966 ஜனவரியில் இந்திராவுக்கு 355, மொரார்ஜி தேசாய்க்கு 169. பள்ளிப் படிப்பை முடிக்காத, ஆங்கிலமும் இந்தியும் சரளமாகப் பேசாத தமிழர் ஒருவர் இதைச் செய்தார் என்று பெருமைப்படுவது நம் வழக்கம். ஆனால் அவர் தலைமையில் எழுதப்பட்ட 1967 பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டது. பம்பாயிலிருந்து இருமுறை பார்லிமெண்டுக்கு வந்த வி. கே. கிருஷ்ண மேனனுக்கு இடம் தர எஸ். கே. பாட்டீலின் பம்பாய்க் காங்கிரஸ் மறுத்தது. அவர் மராட்டியர் அல்லர் என்பது சொல்லப்பட்ட காரணம். மேனன் இடதுசாரி, பாட்டீல் பழமைவாதி என்பது சொல்லப்படாத காரணம். இந்திரா விரும்பியும் இடம் கிடைக்கவில்லை. மாகாணக் கமிட்டியின் முடிவே முடிவு என்று 1946இல் காமராசர் நாட்டிய அதே கொள்கை, பம்பாயில் வேற்று மாநிலத்தான் என்ற சொல்லுக்குக் கவசமாயிற்று. கர்நாடகத்துச் சுரங்க ஊரில் தமிழனாய்ப் பிறந்த எனக்கு அந்தக் காரணத்தைப் படிக்கும்போது ஒரு கணம் கை நின்றது. மேனன் காங்கிரசை விட்டுத் தனித்து நின்று தோற்றார்.

அதே தேர்தலில் காமராசரும் தோற்றார். மோட்டார் விபத்தில் அடிபட்டுப் படுக்கையில் இருந்தமையால் சொந்த ஊரிலே சரியாகப் பிரசாரமும் செய்ய இயலவில்லை. விருதுநகரில் 1,285 வாக்கில் அவரை வென்ற பெ. சீனிவாசன், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் முன்னின்ற மாணவர். முப்பது வயதும் நிறையாதவர். மாணவர் இதழில் இதை மகிழ்ச்சியோடு எழுத வேண்டும் போலும். எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி வரவில்லை. தி.மு.க.வின் பட்டியலில் ஒரு மாணவனுக்கு இடம் இருந்தது. காங்கிரசின் பட்டியலில் அந்த வயதினர் எத்தனை பேர் என்று பார்த்தால் காரணம் விளங்கும். 1969 தொடக்கத்தில் நாகர்கோயில் இடைத்தேர்தலில் வென்று பார்லிமெண்டுக்குப் போனார்.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். 1969 மே 3இல் ஜனாதிபதி ஜாகீர் உசேன் காலமானார். ஜூலையில் பெங்களூர் லால்பாக் கண்ணாடி மாளிகையில் அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி கூடியது. மலர்க் காட்சிக்கு நாம் ஆண்டுதோறும் போய் வருகிறோமே, அதே மாளிகைதான். ஜனாதிபதிக்குக் காங்கிரஸ் அபேட்சகர் யார்? பார்லிமெண்டரி போர்டின் எட்டுப் பேரில் காமராசர், மொரார்ஜி, பாட்டீல், சவாண் நால்வரும் சஞ்சீவ ரெட்டிக்கு வாக்களித்தனர். இந்திராவும் பக்ருதீன் அலி அகமதும் ஜகஜீவன் ராமுக்கு வாக்களித்தனர். நிஜலிங்கப்பாவும் ஜகஜீவன் ராமும் வாக்களிக்கவில்லை. 4க்கு 2.

கணக்குப்படி முடிந்தது. ஆனால் அந்த நால்வரைப் பாருங்கள். ஒரு பக்கம் தனியுடைமைக்காரர் மொரார்ஜி. ஒரு பக்கம் மேனனை வெளியேற்றிய பாட்டீல். நடுவே சமதர்மம் பேசி, ஏழைப் பிள்ளைக்குச் சோறு போட்ட காமராசர். எந்தக் கொள்கை இவர்களைச் சேர்த்தது? கட்சி பெரிதா, ஆட்சி பெரிதா என்ற கேள்வியே சேர்த்தது என்பேன். பிரதமர் ஒருவரே எல்லாவற்றையும் முடிவு செய்யத் தொடங்கினால் கமிட்டி எதற்கு என்று காமராசர் அஞ்சினார். அந்த அச்சம் வீணன்று என்று அடுத்த ஆறாண்டுகள் காட்டின. ஆனால் நாடு அந்தக் கண்ணாடி மாளிகையில் பார்த்தது வேறு காட்சி. அறைக்குள் உட்கார்ந்து தங்களுக்கு வேண்டிய ஒருவரை நிறுத்தும் முதியவர்கள் சிலரையே அது பார்த்தது. 1946இல் அவர்மீது அநியாயமாக விழுந்த அந்த ஆங்கிலச் சொல், 23 ஆண்டு கழித்து, சிண்டிகேட் என்ற வேறொரு ஆங்கிலச் சொல்லாக மாறி வந்தது. இம்முறை அதை எளிதில் உதற முடியவில்லை. மாகாணத்து ஊழியனாய் இருந்து மேலிடத்தை எதிர்த்தவர், தாமே மேலிடமாய் அமர்ந்திருந்தார்.

ஆகஸ்டில் மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள் என்ற முழக்கத்தோடு, இரண்டாம் விருப்ப வாக்குகளையும் எண்ணியபின், வி. வி. கிரி வென்றார். நவம்பரில் காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது. பாறை வெடித்துவிட்டது.

1971இல் தமிழ்நாட்டில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. காமராசரின் ஸ்தாபன காங்கிரசும் இராஜாஜியின் சுதந்திராவும் ஓரணியில் நின்றன. 1940 முதல் ஒருவர் பட்டியலை மற்றவர் அழித்துக்கொண்டிருந்த இரு முதியவர்கள் ஒரே மேடையில் வாக்குக் கேட்டார்கள். தி.மு.க.வுக்கு 184, ஸ்தாபன காங்கிரசுக்கு 15. இந்திராவின் காங்கிரஸ் தி.மு.க.வோடு கூட்டுச் சேர்ந்து பார்லிமெண்டுக்குச் சில இடங்களை மட்டும் பெற்றுக்கொண்டு, சட்டசபைக்கு ஓர் அபேட்சகரைக்கூட நிறுத்தவில்லை. முப்பதாண்டுக் காலம் எந்தப் பட்டியலுக்காக அண்ணன் தம்பி முகம் பாராமல் இருந்தார்களோ, அந்தப் பட்டியலில் எழுதவே ஒன்றுமில்லை. காமராசர் மட்டும் நாகர்கோயிலை மீண்டும் வென்றார். இராஜாஜி 1972 டிசம்பர் 25இல் மறைந்தார்.

1975 அக்டோபர் 2. அவசர நிலைக் காலம். காந்தி ஜயந்தி விடுமுறை. சென்னையில் தம் வீட்டில் பிற்பகல் காமராசரின் உயிர் பிரிந்தது. மறு ஆண்டே ஸ்தாபன காங்கிரசின் பெரும்பகுதி மூப்பனார் தலைமையில் இந்திரா காங்கிரசோடு இணைந்துவிட்டது. விடுமுறை நாளானாலும் சுரங்கத்தில் ஊறும் நீருக்கு விடுமுறை இல்லை. பாட்டனார் அன்று பம்பு வேலைக்குக் கீழே இறங்கியிருந்தார். இரவு ஷிப்டு முடிந்து கூண்டில் மேலே வந்தபோதுதான் சேதி சொன்னார்கள். செங்கொடிக்காரரான அவர் வீட்டுக்குப் போகாமல், நேரே தந்தியாபீசுக்குப் போய், குடியாத்தத்திலிருந்த அண்ணனுக்கு ஒரு தந்தி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாராம்.